தட்டைத்திரை டிவியில் வசனம் புரியவில்லை: சவுண்ட்பார்தான் ஒரே வழியா?

கேள்வி:
பழைய டிவியை மாற்றி, 55 அங்குலத் தட்டைத்திரை டிவி ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். படம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஒலி மட்டும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் வருகிறது. செய்திகளில் அவ்வளவு சிரமமில்லை. திரைப்படத்தில் வசனத்துக்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த காட்சியின் இசை காதை அடைக்கிறது. குறைத்தால் பேச்சு முணுமுணுப்பாகிவிடுகிறது. என் தாயார் பாதி வசனங்களை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) வாங்கும் முன் செய்து பார்க்கக்கூடியவை உண்டா?

மறுமொழி 1:
உண்டு, நண்பரே. முதலில் காரணத்தைச் சொல்கிறேன். மெல்லிய சட்டத்துக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லாததால், சிறிய ஸ்பீக்கர்களைக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்திவிடுகிறார்கள். ச, ட, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் உயர் அதிர்வெண்கள் நேர்கோட்டில் பரவும் இயல்புடையவை. அவை சுவரிலோ மேசையிலோ மோதித் திரும்பி வருவதற்குள் கூர்மையை இழப்பதால், பேச்சு காதில் விழுந்தாலும் சொல் புரிவதில்லை.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 5.1 ஒலித்தடத்தில் (பார்ப்பவரைச் சுற்றி வைக்கும் ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பதிவான ஒலி) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாகப் பதிவாகியிருக்கும். உங்கள் டிவியில் இருப்பவை இரண்டே ஸ்பீக்கர்கள் என்றால், வசனமும் இசையும் சுற்றொலியும் அவற்றிலேயே நெருக்கியடிக்கப்படுகின்றன. ஆகவே, படம் பார்க்கும் செயலியின் ஒலி அமைப்பில் 5.1 இருந்தால் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் குரலை முன்னிறுத்தும் தேர்வையும், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இரவுநேரத் தேர்வையும் இயக்குங்கள். செயற்கைச் சுற்றொலியை அணைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் வசனத்தை அதிகம் குலைப்பது அதுதான். பாஸை, அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியை, சற்றுக் குறைப்பதும் உதவும்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். அதன் பிறகும் சவுண்ட்பார் தேவைப்பட்டால், வாட் எண்ணைப் பார்த்து மயங்காமல், நடு ஸ்பீக்கர் தனியாக உள்ளதா என்று பாருங்கள். வசனத்துக்கு அதுவே முக்கியம். எச்.டி.எம்.ஐ. கேபிளை ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை அதே கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று குறிக்கப்பட்ட துளையில்தான் செருக வேண்டும். 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4உடன் வந்த வசதி இது. மற்றத் துளைகளில் செருகினால் டிவியின் ஒலி வெளியே வராது. புளூடூத் இணைப்பில் உதட்டசைவுக்குப் பின்தங்கி ஒலி வரலாம் என்பதால், கேபிளையே பரிந்துரைப்பேன்.

கேள்வி கேட்டவர்:
ஸ்டீரியோவுக்கு மாற்றிச் செயற்கைச் சுற்றொலியை அணைத்ததுமே நல்ல வேறுபாடு தெரிந்தது. நேற்று அம்மா ஒரு முழுப் படத்தையும் என்னிடம் கேட்காமலே பார்த்தார். இருவருக்கும் நன்றி. வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் சும்மா கிடக்கின்றன. அவற்றை இணைக்கலாமா?

மறுமொழி 3:
தாராளமாக இணைக்கலாம், நல்ல நிலையில் இருந்தால் பல மலிவான சவுண்ட்பார்களைவிட அவை மேலாகவே ஒலிக்கும். டிவியில் ஹெட்ஃபோன் துளை இருந்தால் ஒரு சாதாரண கேபிளே போதும். ஆப்டிக்கல் (டிஜிட்டல் ஒலியை ஒளி வழியே அனுப்பும்) துளை மட்டும் இருந்தால், டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் சிறிய கருவி ஒன்று வேண்டும். அப்போது டிவியின் ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள், இல்லையென்றால் ஒலி வராமலோ இரைச்சலாகவோ போகலாம். ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், அவரை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள்.