202 பவுண்டு 8 அவுன்சுக்கு மேல் ஒரு டார்பன்: உங்கள் அனுபவம் என்ன?

ஃபுளோரிடாவின் ஹோமோசாசாவில் டார்பன் என்னும் பெரிய கடல்மீனுக்காக ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை) வீசியவர்களுக்கு இந்த எடையை நான் விளக்க வேண்டியதில்லை. 2001-இல் ஜிம் ஹாலண்ட் ஜூனியர் 20 பவுண்டு டிப்பெட்டில் (தூண்டில் நரம்பின் மெல்லிய நுனிப்பகுதி; அது தாங்கும் பவுண்டு அளவுப்படியே சாதனைகள் பிரிக்கப்படும்) அந்த எடையுள்ள சாதனை டார்பனைப் பிடித்ததிலிருந்து, அங்கு வரும் பலரைப் போல நானும் அதைத் தாண்டும் மீனைத்தான் தேடினேன். படகோரம் வந்த மீனின் கீழ்த்தாடையை என் படகு வழிகாட்டி இரு கைகளாலும் பற்றிக்கொள்ள, நான் நாடாவைச் சுற்றி அளந்தேன்: நீளம் 82 அங்குலம், சுற்றளவு 45. சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் 207 பவுண்டுக்கு மேல் வருகிறது. சாதனை முயற்சிக்கென்று ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்றாக ஃபுளோரிடாவில் தரப்படும் டார்பன் அனுமதிச் சீட்டும் என்னிடம் இருந்தது. ஆனால் எடையைக் கரையில்தான் நிறுக்க வேண்டும். அதுவரை கொண்டுசென்றால் அம்மீன் பிழைக்காது. அது வாய் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கியபோது செவுள்மூடி விரிந்து உள்ளே செக்கச்செவேலென்று தெரிந்தது. வழிகாட்டி என் முகத்தையே பார்த்தார். விட்டுவிடச் சொன்னேன். அதன் மெய்யான எடையை இனி அறிய வழியில்லை என்பது இன்றும் மனத்தை அரிக்கிறது.

* * *

மறுமொழி: நீங்கள் விட்டது சரியே, ஆனால் 207 என்பதை எடையாக ஏற்க முடியாது. நாடா ஓர் அங்குலம் தளர்ந்திருந்து சுற்றளவு 44 ஆனால், அதே கணக்கில் 198 பவுண்டுதான் வரும். என்னை வருத்துவது வேறொன்று. 12 பவுண்டு டிப்பெட்டில் நெடுநேரம் போராடிக் களைத்த டார்பனை, படகுக்கு எட்டும் தொலைவில் ஒரு கொம்பன் சுறா இரண்டாகத் துண்டித்தது. தலைப்பகுதி மட்டும் நரம்பில் கனத்தது. சுறா திரியும் நீரில் மெல்லிய நரம்புப் பிரிவுச் சாதனையைத் துரத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

* * *

மறுமொழி: நரம்பின் மீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. தூண்டில் கோலை வானை நோக்கி உயர்த்திப் பிடித்தால் 20 பவுண்டு நரம்பிலும் போராட்டம் நீளும். தாழ்த்தி, மீன் செல்லும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து இழுத்தால்தான் அதன் தலை திரும்பும். என் பெரிய டார்பன் துள்ளியபோது நான் முறைப்படி கோலைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்தியும், அது புரண்டு நரம்பின் மேலேயே விழுந்து அறுத்துக்கொண்டு போனது. சாதனைக்குப் போகிறவர்கள் கரையிலேயே லீடரை (ஃப்ளையை முதன்மை நரம்போடு இணைக்கும் பகுதி) அளந்துவிடுங்கள்: இரு முடிச்சுகளுக்கும் இடையே டிப்பெட் குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும், பல்லுரசலைத் தாங்கும் தடித்த நரம்பு, முடிச்சையும் சேர்த்து, 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சாதனையைப் பதிவுசெய்யும் அமைப்பினர் நரம்பை நனைத்துத்தான் சோதிப்பார்கள் என்பதால், அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் நீங்களும் நனைத்தே இழுத்துப் பாருங்கள். அது குறித்த அளவைத் தாண்டி அறுந்தால் உங்கள் மீன் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். மீன் கைக்கு வந்ததும் ஃப்ளையை வெட்டி எடுக்காதீர்கள். ஃப்ளை, டிப்பெட், லீடர் மூன்றையும் பிரிக்காமல் அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.