காற்றாலை இறக்கைகளை என்ன செய்யலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

குழு நண்பர்களுக்கு வணக்கம். சேலத்துல பழைய இரும்பு வியாபாரம் பண்றேன். உடுமலை பக்கம் கழட்டின ரெண்டு பழைய 225 கிலோவாட் காற்றாலைகள் எங்க யார்டுக்கு வந்திருக்கு. டவர் இரும்பு உருக்காலைக்குப் போயிடும், ஜெனரேட்டர் செம்புக்கும் ஆள் இருக்கு. இறக்கைகள்தான் அப்படியே கிடக்குது. ஒவ்வொண்ணும் 13 மீட்டர் நீளம்.

இது கண்ணாடி இழையும் ரெசினும் (பிசின் மாதிரி ஒரு பிளாஸ்டிக்) சேர்ந்து இறுகினது. வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியாத மாதிரி, இந்த ரெசினை மறுபடி உருக்க முடியாது. கிரைண்டர் வச்சு அறுத்தா வெள்ளைத் தூசி பறக்குது. வெட்டின பையன் கையெல்லாம் அரிப்பு, அன்னைக்கே வேலையை நிறுத்திட்டேன்.

ஏற்காடு அடிவாரத்துல பழைய வெள்ளைக்கல் குழியில போட்டுடுங்கன்னு ஒருத்தர் சொன்னார். மண்ணுல மக்கவே மக்காத பொருளை அங்க கொண்டுபோய்க் கொட்ட எனக்கு மனசே வரலை.

துண்டாக்கிக் கொடுத்தா சிமென்ட் சூளையில ரெசின் எரிபொருளாகும், கண்ணாடியில இருக்கிற சிலிக்கா கிளிங்கரோட (அரைச்சு சிமென்ட் ஆக்குற சூளைக் கட்டி) சேர்ந்துடும். வெளிநாட்டுல பண்றாங்க. சங்ககிரி, அரியலூர் பக்க ஆலைகள்ல இதை எடுக்கிறாங்களா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல என்ன அனுமதி வாங்கணும்? தண்ணி விட்டு அறுக்கிற டைமண்ட் பிளேடு மெஷின் வாடகைக்கு யார்கிட்ட கிடைக்கும்?

2024-ல தமிழ்நாடு அரசு, பழைய காற்றாலைகளை மாத்திப் புதுசு போடறதுக்கும் சேர்த்து காற்றாலை புதுப்பிப்புக் கொள்கை கொண்டுவந்திருக்கு. இனி இறக்கைகள் நிறைய வரும், அதனால சரியான வழி தெரிஞ்சாகணும். கூரைக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ முழுசா வேணும்னாலும் கேளுங்க, லாரி வாடகை மட்டும் கொடுத்தா போதும்.