கார்ன்ஃபிளேக்ஸுக்குச் சுடுபாலா, சில்லென்ற பாலா? வடசென்னைக்காரர்கள் வந்து தீர்ப்பு சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை:
எங்கள் வீட்டில் காலையில் இதுதான் பஞ்சாயத்து. நான் கிண்ணத்தில் கொட்டி, ஃபிரிட்ஜில் இருக்கிற பாலை அப்படியே ஊற்றி, மொறுமொறுப்பு போவதற்குள் சாப்பிட்டு முடிக்கிற ஆள். வீட்டம்மா அடுப்பிலிருந்து இறக்கின பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, தட்டு வைத்து மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது அது கஞ்சி. கஞ்சிதான் வேண்டுமென்றால் நொய் வாங்கினால் போதாதா? மக்காச்சோளத்தை உடைத்து, மால்ட்டும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து வேகவைத்து, உருளையில் நசுக்கி, வறுத்து அனுப்புகிறான். அந்த வறுவலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். சுடுபால் கட்சி இருந்தால் பேசலாம்.

சுடுபால் சங்கம், பெரம்பூர்:
இருக்கிறோம் ப்ரோ, நாங்கள்தான் மெஜாரிட்டி. கெலாக்ஸ் 1994-ல் இந்தியாவுக்கு வந்தபோது அவர்களுக்கே இந்தச் சிக்கல் வந்தது. அவர்கள் மொறுமொறுப்பைச் சொல்லி விற்கப் பார்த்தார்கள், நம் ஜனங்கள் காய்ச்சின பாலை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட்டார்கள், ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. விடிகாலையில் வெறும் வயிற்றில் சில்லென்ற பால் நம் ஊரில் யாருக்கு இறங்கும்? சளி பிடிக்கும் என்று பாட்டி சொன்னதை விடுங்கள், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அவ்வளவுதான் காரணம். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் கிண்ணத்தில் பால். அதன் மேல் ஒரே ஒரு பிடி. அதைச் சாப்பிட்டு முடித்ததும் அடுத்த பிடி. பாலும் சூடு, வாயில் போகிறதும் மொறுமொறுப்பு. டப்பா முழுக்கக் கொட்டிவிட்டு மேலே பால் ஊற்றினால் எந்தப் பாலாக இருந்தாலும் கடைசி நாலு ஸ்பூன் கூழ்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை:
ஆவின் பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சுரைஸ் செய்தது. வீட்டு வாசலில் மாட்டைக் கொண்டுவந்து கறந்த காலத்துப் பழக்கத்தை இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். அப்புறம் காய்ச்சி ஆறின பாலில் ஒரு ஏடு படியுமே, அது கார்ன்ஃபிளேக்ஸோடு ஒட்டிக்கொண்டு ஸ்பூனில் தொங்கும், பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

சுடுபால் சங்கம், பெரம்பூர்:
கேட்டில் மாட்டின பையில் விடிகாலை போட்ட பாக்கெட், நாம் எழுந்து எடுக்கிற வரைக்கும் அங்கேயே வெந்துகொண்டு இருக்கும். அதைக் காய்ச்சாமல் குடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. ஏடு பிடிக்காதவர் வடிகட்டிக்கொள்ளலாம்.

காசிமேடு அக்கா:
சூடா சில்லா என்று அடித்துக்கொள்கிறீர்களே, சாப்பிடுகிற அளவைப் பார்த்தீர்களா? டப்பாவில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று போட்டிருக்கிறான். எங்கள் தெருவில் மீன் ஏலத்துக்கு இருட்டோடு கிளம்பிப் போகிற ஆளுக்கு அந்த 30 கிராம் கடைவாயில் ஒட்டக் காணாது. கேழ்வரகு மாவைக் கரைத்து ராத்திரி புளிக்க வைத்து, நொய் போட்டுக் காய்ச்சி, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் வறுத்த நெத்திலிக் கருவாடும் கடித்துக்கொண்டால் மதியம் வரைக்கும் பசி எடுக்காது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானத்தில் சோளத்துக்கு அடுத்த பெயரே சர்க்கரை. எடையில் அதிகமானதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது சட்டம், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வாங்குகிற சாக்லேட் உருண்டையை நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன், அது மிட்டாய்.

நைட் ஷிப்ட், மணலி:
அக்கா, மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அந்தக் கூழை யார் காய்ச்சுகிறார்கள்? முந்தின நாளே மாவு கரைக்க வேண்டும், கட்டி தட்டாமல் துடுப்பு போட்டுக் கிளற வேண்டும், பானை கழுவ வேண்டும். இந்த வேலை எல்லாம் எந்த வீட்டிலும் ஆம்பளை தலையில் விழுவது இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். நான் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்தில் கூழ் வண்டிக்காரர் இன்னும் வந்திருக்க மாட்டார், அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டு இருப்பேன். டப்பாவைத் திறந்தேன், கொட்டினேன், மலைப்பழம் ஒன்றை நறுக்கிப் போட்டேன், படுத்தேன். சர்க்கரை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இதைத் தொடங்கின டாக்டர் கெலாக் அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் தன் சானடோரியத்து நோயாளிகளுக்கு உப்புச் சப்பில்லாத பத்தியச் சாப்பாடாகத்தான் கொடுத்தார். சர்க்கரை போட்டு விற்க வேண்டும் என்று நின்றது அவர் தம்பி, அதில் இரண்டு பேருக்கும் சண்டை, 1906-ல் தம்பி தனியாகக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார். அதனால் நான் இனிப்பு கம்மியானதைப் பார்த்து வாங்குகிறேன், மேலே ஒரு துளி சர்க்கரை போடுவது இல்லை.

காசிமேடு அக்கா:
ஆம்பளைங்க செய்வது இல்லை என்றால் அவர்களைச் செய்யச் சொல்லும்மா, கூழ் என்ன பாவம் பண்ணியது? கவர்மெண்டு 2022-ல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு ஆரம்பித்தபோது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் போட்டார்கள். டப்பாவைப் பிரித்துக் கொடுத்திருந்தால் வேலை மிச்சம், ஆனால் கொடுக்கவில்லை.

நைட் ஷிப்ட், மணலி:
அங்கே சமைக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் அக்கா. என் வீட்டுக்கும் ஒரு ஆள் அனுப்பச் சொல்லுங்கள், நாளைக்கே பொங்கலுக்கு மாறிவிடுகிறேன்.

சவுக்கார்பேட்டை நொறுக்கு:
நடுவில் ஒரு வார்த்தை. எல்லோரும் பாலிலேயே நிற்கிறீர்கள். நம் ஊருக்கு இது புதுசா என்ன? நெல்லை ஊறவைத்து வறுத்துத் தட்டினால் அவல், அதைப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுத் தின்று வளர்ந்தவர்கள்தானே நாம். கெட்டி அவல் ஊறினாலும் கொஞ்சம் கடிபடும், கார்ன்ஃபிளேக்ஸ் ஊறினால் செத்துவிடும். இதில் சுடுபால் கட்சிக்கு அவல்தான் சரி. அப்புறம் மிக்சர் போடுகிறவர்களுக்கு: டப்பாவில் வருகிறது ஏற்கெனவே வறுத்தது, அதை எண்ணெயில் போட்டால் கருகிவிடும். மிக்சருக்குக் கெட்டியாக, மஞ்சளாக, கண்ணாடி போல இருக்கிற மக்காச்சோள அவல் தனியாகக் கிடைக்கும், நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டதும் பொரிந்து வரும், கூடவே வேர்க்கடலை, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள்.

பழைய வண்ணாரப்பேட்டை:
அவலுக்கு ஓட்டு கேட்கவில்லை நொறுக்கு அண்ணே. சரி, பொதுவாக ஒன்று கேட்கிறேன், கடல் காற்றுக்குப் பிரித்த டப்பா சீக்கிரம் நமத்துப் போகிறதே, என்ன செய்கிறீர்கள்? கிளிப் போட்டாலும் நிற்கவில்லை.

நைட் ஷிப்ட், மணலி:
அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கிற கவரோடு இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் தாங்கும். நமத்துப் போனதை வெறும் வாணலியில் சின்னத் தீயில் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பி வரும். கிளறிக்கொண்டே இருங்கள், உள்ளே இருக்கிற சர்க்கரை சட்டென்று அடிப்பிடிக்கும்.

காசிமேடு அக்கா:
அடுப்பே பற்றவைக்க வேண்டாம் என்றுதானே டப்பா வாங்கினீர்கள்? இப்போது வாணலி வந்துவிட்டது பாருங்கள். சரிம்மா, லீவு நாளில் இந்தப் பக்கம் வா, கூழ் நான் ஊற்றுகிறேன், கருவாடும் என்னுடையது.

நைட் ஷிப்ட், மணலி:
கண்டிப்பாக வருகிறேன் அக்கா. பானையை என் வீட்டுக்காரர் கழுவுவார்.