காலையில் எழுந்து நின்று "நான் ஜெயிப்பேன்" என்று சொல்வது உதவுகிறதா?

சிம்மக்கல் வாசகி:
குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். நான் போகும் பயிற்சி மையத்தில் தினமும் காலை ஏழு மணிக்கு எல்லாரும் எழுந்து நின்று, "நான் ஜெயிப்பேன், நான் அரசு ஊழியர், என்னால் முடியாதது எதுவும் இல்லை" என்று சத்தமாகப் பத்து முறை சொல்ல வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னாலும் சொல்லச் சொல்கிறார்கள். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மாதிரித் தேர்வில் திறனறிப் பகுதியின் 25 கேள்விகளில் 9 மட்டும் சரியாக வந்தது. மறுநாள் காலை அதே வரியைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. "பொய் சொல்லாதே" என்று உள்ளே ஒரு குரல்.

என் பக்கத்தில் நிற்கும் அக்கா இரண்டு முறை எழுதி வராமல் போனவர். அவர் உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வருவதில்லை. இந்தப் பழக்கம் தோற்றவர் தலையிலேயே பழியைப் போடுகிறது, "நீ முழுசாக நம்பவில்லை, அதனால்தான் வரவில்லை" என்று. இதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மல்லி வியாபாரி:
எனக்கு மறுப்பு இருக்கிறது தங்கச்சி. மாட்டுத்தாவணியில் பூ மொத்த வியாபாரம் செய்கிறேன். 2020 ஊரடங்கில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. பூவுக்கு ஆள் ஏது? விவசாயிகள் பறித்த மல்லியை வரப்பிலேயே கொட்டினார்கள். சந்தை திறந்த பிறகும் எனக்குக் கடன் கழுத்துவரை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கடைக்குப் போக வேண்டும்; உடம்பு எழாது. அப்போது என் அப்பத்தா, "மூஞ்சி கழுவும்போது உனக்கு நீயே ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கோ" என்றது. "இன்னைக்குக் கடையைத் திறந்திடுவேன்" என்று மூன்று தடவை சொல்வேன். ஆறு மாதம் ஒரு நாள் விடவில்லை. அந்த வார்த்தை இல்லையென்றால் வண்டியை எடுத்திருக்கவே மாட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கெட்ட பேச்சு பேசாதே என்று பெரியவர்கள் சொல்வது சும்மாவா? சொல்லுக்குப் பலம் உண்டு.

தெப்பக்குளம் மேல்கரை:
கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. வாசகி சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன், அது அவர் மனக்குறை மட்டும் இல்லை. 2009இல் கனடாவில் ஜோன் வுட் குழுவினர் செய்த சோதனை இது: மணி அடிக்கும்போதெல்லாம் "நான் அன்புக்குரியவர்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். தன்மதிப்பு அதிகம் உள்ளவர்களுக்குச் சற்றே நன்றாக இருந்தது. குறைவாக உள்ளவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. யாருக்கு மருந்து வேண்டுமோ அவரையே மருந்து குத்துகிறது.

இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் எமில் கூயே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர், 1926இல் இறந்தார். இருபது முடிச்சுப் போட்ட கயிற்றை உருட்டிக்கொண்டு, "ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் மேலும் மேலும் தேறி வருகிறேன்" என்று காலையும் இரவும் இருபது முறை சொல்லச் சொன்னார். "தேறி வருகிறேன்" என்றுதான் சொன்னார், கவனியுங்கள். "நான் அரசு ஊழியர்" என்று இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்லச் சொல்லவில்லை.

ரேஸ்கோர்ஸ் பயிற்சியாளர்:
சார், ஒரே ஆய்வை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். 2020இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. நான் தினமும் மைதானத்தில் பார்ப்பதைச் சொல்கிறேன். தனக்குத்தானே பேசாத நல்ல விளையாட்டுப் பிள்ளையை நான் கண்டதில்லை. விளையாட்டில் இதைப் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. பேச்சு பலன் தருகிறது, துல்லியம் வேண்டிய வேலைகளில் கூடுதலாகத் தருகிறது என்பது அதன் முடிவு.

என்னிடம் நீளம் தாண்டும் ஒரு பிள்ளை இருக்கிறது. "நான்தான் முதலிடம்" என்று சொல்லிக்கொண்டு ஓடிய நாளெல்லாம் பலகையை மிதித்துக் கோடு தாண்டிவிடும். "நிமிர்ந்து, நிமிர்ந்து, மிதி" என்று மாற்றினேன். கடைசி மூன்று எட்டுக்கு மூன்று சொல். அப்புறம் கோடு தாண்டுவது வெகுவாகக் குறைந்தது. எனவே பேச்சை நிறுத்தச் சொல்லாதீர்கள், என்ன பேசுவது என்று கற்றுக்கொடுங்கள்.

தெப்பக்குளம் மேல்கரை:
2020 பற்றி நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "மிதி" என்பது தற்புகழ்ச்சி இல்லையே. பூக்கடைக்காரர் சொன்னதும் அப்படித்தான். "நான் கோடீஸ்வரன்" என்றா சொன்னார்? கடை திறப்பேன் என்றார். அது அவர் கையில் உள்ள வேலை.

மல்லி வியாபாரி:
அது சரிதான். ஆனால் எல்லாரும் சேர்ந்து சொல்வதில் ஒரு வலு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். மாசி வீதியில் தேர் இழுக்கிறோம். ஒருத்தர் குரல் கொடுத்தால் ஆயிரம் பேர் தோள் சேர்கிறது. தனியாக நின்றால் அந்த வடத்தை அசைக்க முடியுமா? உங்கள் வகுப்பிலும் யாரோ ஒருவருக்கு அந்தச் சத்தம்தான் அன்றைய பிடிமானமாக இருக்கும்.

சிம்மக்கல் வாசகி:
அண்ணே, தேர் இழுக்கும்போது சத்தம் போடுகிறவர் கையில் வடம் இருக்கிறது. எங்கள் கையில் என்ன இருக்கிறது? சொல்லி முடித்து உட்கார்ந்ததும் நேற்றைய கணக்கை யாரும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் இரண்டு விகிதக் கணக்கு போட்டுக்காட்டினால் எனக்கு வடம் கிடைத்த மாதிரி இருக்கும்.

கீழவாசல் தமிழ்:
ஒன்று சேர்க்கிறேன். நம் அகப்பாட்டில் மனம் தடுமாறும் தலைவனும் தலைவியும் "நெஞ்சே" என்று தங்கள் நெஞ்சை எதிரே நிறுத்திப் பேசுவார்கள். கடிந்துகொள்வார்கள், கெஞ்சுவார்கள், போகும் வழியும் சொல்வார்கள். நெஞ்சைப் புகழ்ந்து தள்ளுவது அங்கே வழக்கம் இல்லை. இதே விஷயத்தை 2014இல் அமெரிக்காவில் ஈதன் கிராஸ் சோதித்தார். மேடையில் பேசும் முன் "நான்" என்பதை விட்டு, தன் பெயரையோ "நீ" என்றோ சொல்லித் தங்களோடு பேசிக்கொண்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, பேச்சும் மேலாக இருந்தது. வாசகி, அந்தக் குரல் "பொய் சொல்லாதே" என்றதே, அதுவும் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டது. அதை விரட்ட வேண்டாம். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சிம்மக்கல் வாசகி:
இதைப் படித்துவிட்டு நேற்று இரவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்: "உனக்கு 9 வந்தது. பதினாறு தவறில் பதினொன்று விகிதமும் சதவீதமும். கணக்கு வந்ததும் முதலில் எதற்கு எது என்று எழுது." தொண்டை அடைக்கவில்லை. ஏனென்றால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆனாலும் காலையில் எல்லாரையும் கட்டாயப்படுத்துவதை நான் இன்னும் ஏற்கவில்லை. மையத்தில் சாரிடம் நாளைக்குப் பேசப்போகிறேன், பக்கத்து அக்காவும் வருகிறேன் என்றார்.

மல்லி வியாபாரி:
பேசு தங்கச்சி. ஆனால் வேண்டும் என்கிற பிள்ளைகள் சொல்லட்டும் என்று சாரிடம் கேள், அடியோடு நிறுத்தச் சொல்லாதே. நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுவேன், அந்த நேரத்தில் என் வார்த்தை எனக்கு வேண்டும்.