"வில் ஃபினிஷ்" என்றால் போதாதா? "வில் ஹேவ் ஃபினிஷ்ட்" எதற்கு?

மழைக்கிறுக்கி:
அலுவலகத்தில் மேலாளருக்கு ஒரு மெயில் எழுதினேன். "ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட் பை ஃப்ரைடே." அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "வில் ஹேவ் ஃபினிஷ்ட் என்று போடு, அதுதான் சரி" என்றாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை, அப்படித்தான் வரும் என்கிறாள். நான் எழுதியது தப்பா? பள்ளியில் இந்த ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட்டை அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் பார்த்ததோடு சரி, அதற்கு அப்புறம் ஒருநாளும் தேவைப்படவில்லை. இன்னொன்று, பயிற்சிப் புத்தகத்தில் "பை த டைம் யூ வில் கம்" என்று எழுதினால் தப்பு என்று போட்டிருக்கிறது. வரப்போவது எதிர்காலம்தானே, பிறகு ஏன் "வில்" கூடாது?

பழைய வாத்தியார்:
நீங்கள் எழுதியது தப்பே இல்லை, அப்படியே அனுப்புங்கள். "பை ஃப்ரைடே" என்று கெடு சொல்லிவிட்டதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. "வில் ஃபினிஷ்" என்றால் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள். "வில் ஹேவ் ஃபினிஷ்ட்" என்றால் வெள்ளிக்கிழமையில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறீர்கள், வேலை அதற்கு முன்பே முடிந்து கிடக்கிறது.

வித்தியாசம் உண்மையிலேயே கடிப்பது வேறு இடத்தில். "வென் த மீட்டிங் ஸ்டார்ட்ஸ், ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட்" என்று எழுதிப் பாருங்கள். கூட்டம் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்து முடிக்கப் போகிறீர்கள் என்று ஆகிவிடும். "ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்" என்றால் கூட்டம் தொடங்கும்போது அறிக்கை கையில் தயார். தமிழில் முடிப்பேன், முடித்திருப்பேன் என்று நாம் யோசிக்காமலே பிரித்துச் சொல்வதுதான் இது, புதிதாக ஒன்றும் இல்லை.

"பை த டைம்" விஷயம்: வென், பிஃபோர், ஆஃப்டர், பை த டைம் மாதிரி காலம் காட்டும் சொல்லோடு வரும் துணை வாக்கியத்தில் ஆங்கிலம் "வில்" போடுவதில்லை. "பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்." எதிர்காலம் என்பதை முக்கிய வாக்கியத்தில் இருக்கும் "வில்" ஒன்றே சொல்லிவிடுகிறது. தமிழிலும் "நீ வருவதற்குள்" என்றுதானே சொல்கிறோம், அந்த "வருவதற்குள்" தனியாக முற்று வினையாக நிற்கிறதா என்ன?

ராக்கோழி:
வாத்தியார் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. "முடித்திருப்பேன்" என்பதை மட்டும் நம்பிப் போனால் பள்ளத்தில் விழுவீர்கள், நான் விழுந்தவன். தமிழில் அந்த ஒரே வடிவம் மூன்று வேலை பார்க்கிறது. "நாளை மாலைக்குள் முடித்திருப்பேன்" என்றால் வில் ஹேவ். "நீங்கள் சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்" என்றால் வுட் ஹேவ், அதாவது நடக்கவே இல்லை. "அவர் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்" என்றால் ஊகம். இதற்கும் ஆங்கிலத்தில் "ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்" என்று அதே வடிவம் வரும், ஆனால் எதிர்காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் ஒரு வாடிக்கையாளருக்கு "பை மன்டே வீ வுட் ஹேவ் கம்ப்ளீட்டட் த டெஸ்டிங்" என்று எழுதினேன், வுட் போட்டால் மரியாதையாக இருக்குமே என்று. முடித்திருப்போம், ஆனால் முடியாமல் போய்விட்டது என்று அவர் படித்துவிட்டார். என்ன தடங்கல் என்று கேட்டு உடனே பதில் வந்தது. அன்றிலிருந்து "இருந்தால்" என்று ஒன்று மனதில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வுட் போடுவது.

எதிர்க்கட்சி:
இதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? தேர்வில் 2 மதிப்பெண்ணுக்குத்தான் உதவும்.

பழைய வாத்தியார்:
பேசுகிறார்கள் ஐயா, "வில்"லும் "ஹேவ்"வும் ஒட்டி "விலவ்" என்று ஓடிவிடுவதால் நம் காதில் விழுவதில்லை. மற்ற காலங்களைவிடக் குறைவாகத்தான் வரும், அது உண்மை.

மழைக்கிறுக்கி:
ரொம்ப நன்றி, மெயில் போய்விட்டது. சரி, "வில் ஹேவ் பீன் வொர்க்கிங்" என்று ஒரு ரயில் வண்டி இருக்கிறதே, அது எதற்கு? "வேலை செய்துகொண்டிருப்பேன்" என்றால் "வில் பீ வொர்க்கிங்" போதாதா?

சொல்லேருழவி:
இங்கேதான் தமிழை வார்த்தைக்கு வார்த்தை மாற்றக் கூடாது. "நாளை 10 மணிக்கு வேலை செய்துகொண்டிருப்பேன்" என்றால் வில் பீ வொர்க்கிங்தான். அந்த ரயில் வண்டி வருவது, அந்த நேரத்தில் எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்குச் சொல்லும்போது. "வருகிற மார்ச்சோடு நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து 5 வருடம் ஆகிவிடும்" என்கிறோம் பாருங்கள், அதில் "கொண்டிருப்பேன்" எங்கேயாவது இருக்கிறதா? ஆனால் ஆங்கிலத்தில் "பை மார்ச், ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்." "ஆகிவிடும்" என்று தமிழில் காலத்தை எண்ணினால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதுதான்.

நோ, லைக், பிலீவ் மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளுக்கு "இங்" ஒட்டாது, "ஐ வில் ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்" என்றுதான் வரும். அதேபோல எத்தனை முடிந்தது என்று எண்ணிக்கை சொன்னாலும் "இங்" வேண்டாம்: "ஐ வில் ஹேவ் ரெட் த்ரீ சாப்டர்ஸ்."

அப்புறம் இன்னும் ஒன்று. மணிக்குள் என்றால் பை, மணி வரை என்றால் அன்டில். "அன்டில் ஃபைவ் ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். "ஷீ வில் ஹேஸ்" என்று எழுதுகிறவர்களையும். வில் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் ஹேவ்தான்.

மழைக்கிறுக்கி:
நானே ஒன்று போட்டுப் பார்க்கிறேன், திருத்துங்கள்: "பை த டைம் மை மேனேஜர் ரிப்ளைஸ், ஐ வில் ஹேவ் ரோட் த நெக்ஸ்ட் ரிப்போர்ட் ஆல்சோ."

ராக்கோழி:
"ரிப்ளைஸ்" சரி, "வில் ஹேவ்" சரி. "ரோட்" இல்லை, "ரிட்டன்". ஹேவ்வுக்குப் பின்னால் மூன்றாவது வடிவம்.