புதுப்பிப்பு: எத்திக்ஸ் கமிட்டி தாண்டியாச்சு, நோயாளிதான் இன்னும் சேரவில்லை

எம்.டி. படிப்புக்காக நான் செய்யும் மருந்து ஆய்வின் புரோட்டோகாலை (ஆய்வுத் திட்டத்தை), நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அது ஒருவழியாகப் பாஸ் ஆகிவிட்டது.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற கணக்கில்தான் தப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை, தமிழ் ஒப்புதல் படிவம்தான் வில்லன். "நீங்கள் சமவாய்ப்பு முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்" என்று எழுதியிருந்தேன். வார்டில் ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "என்னை ஏன் தம்பி ஒதுக்கறீங்க?" என்றார். இப்போது, "எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் முடிவாகும், டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்" என்று மாற்றியிருக்கிறேன்.

ஆராய்ச்சிப் படிப்பு என்ன ஆச்சு என்று சிலர் கேட்டிருந்தீர்கள்: ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பையும் முடித்துவிட்டேன். பி.ஜி. (முதுநிலை) மருத்துவ மாணவர்களுக்குக் கட்டாயம் என்பதால் கடனே என்றுதான் உட்கார்ந்தேன். ஆய்வுக் கேள்வியை எப்படிச் சுருக்குவது என்ற பகுதி மட்டும் நிஜமாகவே உதவியது.

அப்புறம், சி.டி.ஆர்.ஐ. பதிவு, அதாவது இந்தியாவில் நடக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதிவது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். நான் தாமதமாக விண்ணப்பித்துவிட்டுப் பதிவு எண்ணுக்காகக் காத்திருக்கிறேன். இதற்குள் தகுதியான இரண்டு பேர் வார்டுக்கு வந்து டிஸ்சார்ஜும் ஆகிவிட்டார்கள். வயிறு எரிகிறது.