பொட்டாசியம் 38: இணை மாறினால் கருவின் அளவும் மாறுமா?

கேள்வி:
அணுக்கருவின் ஆரம் நிறை எண்ணின் (புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கையின்) கனமூலத்திற்கேற்ப வளரும் என்றே படித்திருக்கிறோம். அப்படியானால், 19 புரோட்டான்களும் 19 நியூட்ரான்களும் கொண்ட பொட்டாசியம் 38இன் இரு நிலைகள் வெவ்வேறு அளவில் இருப்பது எவ்வாறு?

பதில் 1:
கடைசிப் புரோட்டானும் கடைசி நியூட்ரானும் இணையும் விதமே காரணம். மிகக் குறைந்த ஆற்றலுள்ள தரைநிலையில் கருவின் தற்சுழற்சி 3. அதற்குச் சுமார் 130 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மேலே, ஒரு விநாடிக்கும் குறைவான அரை ஆயுளுடன் இருக்கும் ஐசோமர் எனும் கிளர்வுற்ற நிலையில் அது 0. தற்சுழற்சி 0 உள்ள இணை, அடுத்த கூட்டின் (கருவுக்குள் இருக்கும் ஆற்றல் அடுக்கின்) அகன்ற சுற்றுப்பாதைகளுக்கும் தாவுவதால் மின்னூட்டம் வெளிநோக்கிப் பரவுகிறது. ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான சேர்னின் ஐசோல்டே கூடத்தில் லேசர் கொண்டு அளந்த இம்முடிவு 2014இல் வெளிவந்தது. எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இது.

கேட்டவர்:
அவ்வளவு குறுகிய ஆயுளுள்ள கருவை லேசர் எப்படி அளக்கும்?

பதில் 2:
லேசர் தொடுவது எலக்ட்ரான்களை. கரு சற்றே பருத்தாலும் அவை உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண் நுண்ணளவு விலகும். அவ்விலகலிலிருந்து ஆர வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள்.

பதில் 3:
இணையின் விளைவுக்குக் கால்சியத்தையும் பாருங்கள். நியூட்ரான் ஒன்று இணையின்றி நிற்கும் கால்சியம் 43இன் மின்னூட்ட ஆரம் (கருவின் மின்னூட்டம் பரவியிருக்கும் அளவு), கால்சியம் 42, 44 இரண்டின் ஆரத்தையும்விடச் சிறியது.